அட்டமி என்று கையெழுத்து வைக்காத ஒப்பந்தம் செல்லுமா?

முரசுமோட்டையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, அவர் என்ர பெரியம்மாவின்ர மகன், கூடப்பிறந்த அண்ணன் மாதிரித்தான். 2024 சித்திரையில பழைய உழவு இயந்திரம் ஒன்று வாங்க என்னட்ட ஆறு இலட்சம் வாங்கினவர். ஓடி வாற காசில ஆளுக்குப் பாதி எண்டு பேச்சு. அதே கிழமை கைமாற்றா இன்னும் இரண்டு இலட்சம், வாற காலபோகம் வெட்டினவுடன தாறன் எண்டார். எங்கட இரண்டு ஏக்கர் பேர்மிட் வயலையும் மூன்று வருசத்துக்கு அவரே செய்யட்டும், போகத்துக்கு ஏக்கருக்கு எட்டு மூடை எண்டு விட்டம். எல்லாம் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் முன்னால வாயால பேசினது. பிறகு அவரே பரந்தன் சந்தியில ஒரு கொமினிகேஷன் கடையில உழவு இயந்திரத்துக்கும் கைமாற்றுக்கும் ஒப்பந்தம் ரைப் செய்விச்சுக் கொண்டுவந்தவர். நான் கையெழுத்து வைச்சன். அவர், 'இண்டைக்கு அட்டமி, நாளைக்கு வைப்பம்' எண்டார். இண்டைவரைக்கும் வைக்கேல்லை. இப்ப கேட்டால், கையெழுத்தில்லாத பேப்பரைக் கொண்டு எந்தக் கோட்டுக்கும் போ எண்டுறார். பொலிஸிலையும் எழுத்து இல்லாமல் ஒண்டும் செய்யேலாது எண்டிட்டினம். அவற்ற மாமனார், 'அவன் தராட்டி நான் மாட்டை வித்தெண்டாலும் தருவன்' எண்டவர். இதுகள் ஒண்டும் சட்டத்தில செல்லாதோ?"

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒன்று அல்ல, நான்கு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "செல்லுமோ செல்லாதோ" என்று கேட்கிறீர்கள், உங்கள் அண்ணாவும் அதே மூட்டையைக் காட்டி "செல்லாது" என்கிறார். அவிழ்த்துப் பார்த்தால் ஒன்று நன்றாகவே செல்லும், ஒன்று இழுபறி, இரண்டு செல்லாது. எது எது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைமாற்று இரண்டு இலட்சம். இலங்கையில் ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் விட்டுப் போனது. அதில் இரண்டு பேர் மனமொத்து ஒரு கடமையை ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தம், அவ்வளவுதான். எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும், முத்திரை ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் பொது விதி அல்ல. சில குறிப்பிட்ட விடயங்களுக்கு மட்டும் சட்டம் தனியாக எடுத்து "இதற்கு எழுத்து வேண்டும்" என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் சாதாரணக் கைமாற்றுக் கடன் இல்லை. காசு கொடுத்தீர்கள், திருப்பித் தருவதாகச் சொன்னார், தவணையும் சொன்னார். கடன் பிறந்துவிட்டது. அட்டமி நவமி பார்த்துப் பிறக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் எழுத்து எழுத்து என்கிறார்கள்? எழுத்து இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லாமல் போவதில்லை, நிரூபிப்பதுதான் கஷ்டமாகிறது. இந்த இரண்டையும் எங்கள் ஆட்கள் போட்டுக் குழப்புவதால்தான் கடன் வாங்கினவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார், கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டில் இருக்கிறார். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, உங்கள் பக்கம் நடந்திருக்கும் சாத்தியம் கூட என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கும் இல்லை, எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அதை நேராகவே சொல்கிறது. நம்பத்தக்க ஒரு சாட்சி போதும். உங்களிடம் அம்மா இருக்கிறார், ஆச்சி இருக்கிறார். அம்மா உங்கள் பக்கம்தான் பேசுவார் என்று மறுபக்கச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் கேட்பார், கேட்கட்டும். ஆச்சிக்கு இதில் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை, அப்படிப்பட்ட சாட்சிதான் பெறுமதி. ஆச்சிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கைத் தள்ளிப் போடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்த ரைப் செய்த தாள். கையெழுத்து இல்லாத தாள் வெறும் தாள் என்பது பாதி உண்மை. "கையெழுத்து வைத்த பிறகுதான் எல்லாம் தொடங்கும், அதுவரை ஒருவருக்கும் ஒரு கடமையும் இல்லை" என்று இரண்டு பேரும் நினைத்துத்தான் தாளைத் தயாரித்தீர்கள் என்றால், கையெழுத்து விழாதவரை ஒப்பந்தம் இல்லை. காணி, வீடு, பெரிய வியாபாரப் பேச்சுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் விடயத்தில் நடந்தது தலைகீழ். பேச்சு முடிந்தது, காசு கைமாறியது, உழவு இயந்திரம் வந்தது, அது வயலில் இறங்கி ஓடி உழைக்கவும் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகுதான் தாள் வந்தது. அந்தத் தாள் ஒப்பந்தத்தை உண்டாக்க வந்ததல்ல, ஏற்கெனவே இருந்ததை எழுதி வைக்க வந்தது. அதில் அவர் கையெழுத்து இல்லாததால் முன்பு பேசியது அழிந்துபோகாது.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சுகம் விசாரித்து முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மேலே சுருக்கும்போது அதை வேண்டுமென்றே விட்டேன். கொமினிகேஷனில் இருந்தே அவர் அந்தத் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பி, கீழே "இதுதான் நாங்கள் பேசினது, பிழை இருந்தா சொல்லு" என்று எழுதினாராம். தங்கச்சி, அதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! அவர் மறுக்கிற கையெழுத்தைவிட அந்த ஒரு வரி எனக்குப் பெரிது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, ஒரு விடயம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சட்டத்தில் செல்லாது என்று தள்ள முடியாது. அவருடைய போனில் இருந்து, அவருடைய இலக்கத்தில் இருந்து, அவரே அனுப்பியது. (அதே சட்டம் காணி விற்பனை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் போன்ற சிலவற்றை விலக்கி வைத்திருக்கிறது, ஆகவே வட்ஸ்அப்பில் வயல் வாங்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் போதாது. அந்த உரையாடல் முழுவதும் அதே போனில் அழியாமல் இருக்க வேண்டும். போனை மாற்ற வேண்டாம், விற்க வேண்டாம், பிள்ளைகள் கேம் விளையாட இடம் இல்லை என்று எதையும் அழிக்கக் கொடுக்க வேண்டாம். அவர் "தாறன், கொஞ்சம் பொறு" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தால் அதுவும் சான்றுதான். ஒலிப்பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுப்பதற்கு 1995ஆம் ஆண்டின் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே மறுபக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது உங்கள் சட்டத்தரணியின் வேலை, ஆனால் விசாரணைத் தினத்தன்று காலையில் போனைத் தூக்கிக்கொண்டு வந்து "இதில் இருக்கிறது ஐயா" என்றால் நேரம் தப்பிவிடும்.

அடுத்தது உழவு இயந்திரம். இதில்தான் எனக்குக் கொஞ்சம் தலையிடி.

எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எதற்கு எழுத்து வேண்டும் என்ற பட்டியல் முக்கியமாக அதில்தான் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது, மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்கு வியாபாரம் ஒன்றை நிறுவுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று. ஆயிரம் ரூபா! அந்தக் காலத்தில் அது ஒரு சொத்து. இன்றைக்கு உழவு இயந்திரத்துக்கு ஒரு நாள் டீசல் அடிக்கவும் காணாது. ஆனால் தொகை மாறவில்லை. ஆகவே "நானும் அவரும் பங்காளிகள், பாதி இலாபம் எனக்கு வர வேண்டும், கணக்குக் காட்டச் சொல்லுங்கள்" என்று வாய்ப்பேச்சை மட்டும் வைத்து வழக்குப் போட்டால், பங்கு வியாபாரம் இருந்தது என்பதையே நிறுவ விடமாட்டோம் என்று மறுபக்கம் 1840ஐத் தூக்கிப் பிடிக்கும்.

அதற்காக ஆறு இலட்சம் போனது போனதுதான் என்று இல்லை. ஒன்று, நான் மேலே சொன்ன வட்ஸ்அப் தாள். எழுத்து இருக்கிறது, அனுப்பியவர் யார் என்று தெரிகிறது, அதுவே 18ஆம் பிரிவு கேட்கிற எழுத்தும் ஒப்பமும் என்று வாதாட இடம் இருக்கிறது. வெல்லும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். இரண்டு, பங்கு வியாபாரம் என்று நிறுவ முடியாவிட்டாலும் உங்கள் காசை வைத்து அவர் பெயரில் ஒரு சொத்து நிற்கிறது, அதை அவர் இலவசமாக வைத்திருக்க நியாயம் இல்லை, கொடுத்த காசைத் திருப்பிக் கொடு என்று கேட்பது வேறு காரணம். ஒருவர் இன்னொருவருடைய செலவில் காரணமில்லாமல் செல்வம் சேர்க்கக் கூடாது என்பதும் அதே ரோமன் டச்சுச் சட்டத்தில் இருப்பதுதான். வழக்கு மனுவில் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதலாம். இலாபத்தின் பாதி கிடைப்பது சந்தேகம், போட்ட முதலுக்கு நம்பிக்கை கூட.

அந்தக் கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அவரே பேனையால் "டீசல் 18, ரயர் ஒட்டினது 2, தங்கச்சிக்கு 35" என்று எழுதிவிட்டு உங்கள் வீட்டு மேசையில் விட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு மனிதன் சும்மா இருந்து தங்கச்சிக்கு 35 ஆயிரம் என்று ஏன் எழுதப் போகிறான்? டீசலையும் ரயரையும் கழித்து மிச்சத்தைப் பாதியாகப் பிரித்ததால்தானே எழுதினான். நீதிபதிமாருக்கும் இந்தக் கேள்வி வரும். நல்ல வெள்ளைத்தாளில் ரைப் செய்து ஒட்டிய ஒப்பந்தத்தைவிட, இப்படி வேலைக்கு இடையில் யோசிக்காமல் எழுதிய கிறுக்கலை நான் கூட நம்புவேன், ஏனென்றால் அதை எழுதும்போது ஒருவருக்கும் வழக்கு நினைவில் இல்லை.

மாமனார் விடயம். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், மாட்டை விற்கவும் கூடும், ஆனால் நீதிமன்றத்தில் அவரை இழுக்க முடியாது. இன்னொருவருடைய கடனுக்குப் பிணை நிற்பது அதே 18ஆம் பிரிவில் முதலாவதாக இருக்கிறது. எழுத்தும் பிணை நின்றவரின் கையெழுத்தும் இல்லாவிட்டால் வலு இல்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "அவன் தராட்டி நான் தருவன்" என்பது பிணை. "காசை என்னட்டத் தா பிள்ளை, நான்தான் திருப்பித் தரப்போறன், அவன்ர கையில குடு" என்று சொல்லியிருந்தால் அது பிணை அல்ல, அவரே கடன்காரர், அதற்கு எழுத்து வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பது முதலாவது வகை. ஞாபகத்தைத் திருத்தி இரண்டாவது வகையாக்க வேண்டாம், குறுக்கு விசாரணையில் அது நிற்காது, ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மையும் சேர்ந்து போகும். ஊர்ப்பெரியவர் என்ற முறையில் அவரைப் பேச வைப்பதற்குத் தடை இல்லை, அதற்கு அவர் பயன்படுவார்.

வயல்தான் எல்லாவற்றிலும் சிக்கல். காணி என்று வந்தால் 1840 சட்டத்தின் 2ஆம் பிரிவு. காணியை விற்பது, வாங்குவது, ஈடு வைப்பது, விற்பதாக உடன்படுவது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும், பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்து அத்தாட்சிப்படுத்த வேண்டும். மூன்று வருடக் குத்தகையை வாயால் பேசினால் சட்டத்தில் அதற்குப் பெறுமதி பூச்சியம். சீதனம் பேசும்போது "வீடும் வளவும் பிள்ளைக்குத்தான்" என்று சபையில் சொல்லிவிட்டு உறுதி எழுதாமல் விடுகிறார்களே, அதற்கும் இதே கதிதான். ரைப் செய்த தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தாலும்கூட, நொத்தாரிசு இல்லாவிட்டால் காணி விடயத்தில் அது உதவாது. வன்னியில் இருக்கிற நாங்கள் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர்கள். 2009இல் உடுத்த உடுப்போடு வந்தவர்கள் கூட உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தார்கள், நொத்தாரிசு எழுதிய உறுதி என்பதால் அங்கே ஒரு பிரதி இருந்தது. வாய்ப்பேச்சுக்கு எந்தப் பதிவகத்திலும் பிரதி இல்லை.

உங்களுடையது பேர்மிட் காணி என்பதால் அதற்கு மேலும் ஒரு முடிச்சு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் குத்தகைக்கு விடுவது நிபந்தனைக்கு மாறானது. இரணைமடுக் குளத்தின் கீழ் இப்படி விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணப் போனால் விடியாது, எல்லோரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில் போய் "நான் மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு விட்டேன், நெல் தரவில்லை" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அது அவருக்கு எதிரான சான்று மட்டுமல்ல, உங்கள் பேர்மிட்டுக்கு எதிரான சான்றும்தான். போகத்துக்குப் பதினாறு மூடை நெல்லுக்காக இரண்டு ஏக்கரை ஆபத்தில் போட வேண்டாம். நெல்லைக் கேட்பதை ஊரில் பேசித் தீர்க்கப் பாருங்கள். முக்கியமாக, நாளைக்கே கமநல சேவை நிலையத்துக்குப் போய் அந்த வயலுக்கு யாருடைய பெயர் பதிவில் இருக்கிறது என்று பாருங்கள். உர மானியத்துக்கு என்று சொல்லி அவர் தன் பெயரைக் குத்தகைப் பயிர்ச்செய்கையாளராக ஏற்றியிருந்தால், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கக்கூடும், அதன்பிறகு அவரை வயலில் இருந்து எழுப்புவது இலேசு அல்ல. அவர் பெயர் இல்லையென்றால் அடுத்த போகத்துக்கு விதைக்க முதல் வயலை நீங்களே எடுத்துச் செய்யுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் கேட்டு முறையாகச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு விடயம், உங்களுக்கு அல்ல, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு. கடன் வாங்கும்போது "பாதுகாப்புக்குத்தான், காசு தந்தவுடன் திருப்பி எழுதித் தருவன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காணியை அறுதி உறுதியாக, அதாவது முழுதாக விற்றதாக, எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது காண்கிறேன். அந்த வாய்ச்சொல்லை ஒப்பந்தமாக நிறுவ முடியாது. ஆனால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: காணியின் பெறுமதி ஐம்பது இலட்சம், உறுதியில் எழுதிய விலை ஐந்து இலட்சம், எழுதிக் கொடுத்தவர் இன்னும் அதே வீட்டில் குடியிருக்கிறார் என்றால், இது உண்மையான விற்பனை அல்ல என்று சூழ்நிலையைக் காட்டி வாதாடலாம். வழக்கு வருடக்கணக்கில் போகும். ஈட்டு உறுதி எழுதுகிற செலவு அதில் ஒரு துளி.

சரி, பொலிஸ். எழுத்து இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் சொன்னது பிழையான காரணம், ஆனால் முடிவு பெரும்பாலும் சரி. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதது குற்றம் அல்ல, சிவில் விடயம், எழுத்து இருந்திருந்தாலும் அப்படித்தான். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் சொல்லி வாங்கியிருந்தால்தான் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் மோசடி வரும். உங்கள் அண்ணா உண்மையில் உழவு இயந்திரம் வாங்கினார், ஒரு தரம் பங்கும் தந்தார். அது மோசடியாகத் தெரியவில்லை, பிறகு மனம் மாறிய மனிதனாகத்தான் தெரிகிறது.

இனி நாள் கணக்கு. கையெழுத்தைவிட இதைத்தான் நான் உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம். கடைக்கடன், விற்றுக் கொடுத்த பொருளின் விலை, கூலி இவற்றுக்கு ஒரே ஒரு வருடம், ஆகவே வியாபாரிக்கு நெல்லை ஏற்றிவிட்டுக் காசுக்கு அலைகிறவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். உங்கள் கைமாற்று காலபோக அறுவடையோடு, அதாவது 2025 பங்குனியோடு திரும்பி வந்திருக்க வேண்டும், அதிலிருந்து எண்ணினால் 2028 பங்குனி. ஆறு இலட்சத்துக்குக் காசு கொடுத்த நாளில் இருந்தே எண்ண வேண்டும் என்று மறுபக்கம் வாதாடினால் 2027 சித்திரையோடு சரி. இந்த இரண்டில் முந்திய நாளை மனதில் வைத்து வேலை செய்யுங்கள்.

எங்கள் ஆட்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். "தைப்பொங்கலுக்குத் தாறன்", "சிறுபோகம் முடியட்டும்", "வெளிநாட்டில இருந்து தம்பி அனுப்புறானாம்" என்று மூன்று வருடத்தை வாயாலேயே ஓட்டிவிடுவார்கள். வாயால் "தருவன்" என்று நூறு தரம் சொன்னாலும் காலக்கணக்கு புதிதாகத் தொடங்காது. எழுத்தில் கையெழுத்தோடு கடனை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது கடனில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும், அப்போதுதான் மறுபடி எண்ணத் தொடங்கலாம். நானும் இதில் அடிபட்டவள்தான். சட்டம் படித்து முடித்த புதிதில் வீட்டுக் கிணறு கட்ட ஒருவருக்கு வாய்ப்பேச்சில் முற்பணம் கொடுத்து, பாவம் அவருக்கும் கஷ்டம் என்று நாலு வருடம் பொறுத்து, கடைசியில் என் கோப்பை நானே மூடினேன். கிணறு இன்றைக்கும் பாதிதான்.

நீங்கள் எழுதியபடி 2025 ஆவணியில் உங்கள் வங்கிக் கணக்குக்கு 40,000 ரூபா போட்டிருக்கிறார். அது கைமாற்றில் ஒரு பகுதி என்றால் மூன்று வருடம் அந்த நாளில் இருந்து எண்ணலாம், நல்லது. ஆனால் வங்கிச் சீட்டில் எதற்கு என்று எழுதவில்லை. நாளைக்கு அவர், "அது உழவு இயந்திரத்துப் பங்கு, கைமாற்று என்று ஒன்று வாங்கவே இல்லை" என்று மாற்றிக் கதைக்கலாம். ஆகவே சண்டை பிடிக்காமல், சாதாரணமாக, வட்ஸ்அப்பில் கேளுங்கள்: "அண்ணா, ஆவணியில போட்ட 40 ஆயிரத்தை இரண்டு இலட்சத்தில கழிச்சன், மிச்சம் ஒண்டு அறுபது எப்ப தாறியள்?" என்று. "ஓம்" என்று ஒரு சொல் வந்தாலும் அது உங்களுக்குத் துணை. "எந்த இரண்டு இலட்சம்?" என்று வந்தால் அவர் எந்தப் பாதையில் போகப் போகிறார் என்றாவது தெரிந்துவிடும். கோபத்தில் சாபம் போட்டு எழுத வேண்டாம், அந்த உரையாடலை ஒரு நாள் நீதிபதி வாசிப்பார்.

அதற்குப் பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொடுக்கல் வாங்கல் விடயத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தும் மறுத்துப் பதில் எழுதாமல் இருந்தால், அந்த மௌனத்தை ஒப்புக்கொண்டதாக எடுக்க எங்கள் நீதிமன்றங்களுக்கு இடம் இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முதல் இணக்கசபைக்குப் போக வேண்டும், உங்கள் தொகைகள் அதற்குள் வருகின்றனவா என்று சட்டத்தரணி பார்ப்பார். அங்கே எங்களுக்கு இடமில்லை, சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, நீங்களும் அவரும் நேரே இருந்து பேச வேண்டும். சிலர் அதை நேர விரயம் என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பெரியம்மாவின் மகன், நாளைக்குச் செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் ஒரே பந்தலில் இருக்கப் போகிறவர். அங்கே தவணை போட்டுத் தருவதாக இணங்கி எழுத்தில் கையெழுத்து வைத்தால், இரண்டு வருடமாக அட்டமி என்று தள்ளிப்போட்ட கையெழுத்து அன்றைக்கு விழுந்துவிடும். இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு வரலாம். வழக்குச் செலவுக்கு வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள், வருமானத்தைப் பார்த்து அவர்களே சட்டத்தரணியைத் தருவார்கள்.

தாளை இப்போது அவரிடம் கொண்டுபோய் "வை அண்ணா கையெழுத்து" என்று கெஞ்ச வேண்டாம், கிழித்துப் போட்டால் ஒரு சான்று குறையும். கொப்பியைக் கேட்டு ஆள் அனுப்புவார் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள், அசல் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.